தொண்டையும் சிறுநீரகமும்: ஒரு சத்திரசிகிச்சையின் வரலாறு

மன்னர்க்கும் அரசுகளுக்கும் வரலாறு உண்டென்பதை யாவரும் அறிவர். மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைகளுக்கும் அவ்வாறே வரலாறு உண்டென்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒரு சிகிச்சை தோன்றுகின்றது; புகழடைகின்றது; ஐயத்துக்கு உள்ளாகி மங்குகின்றது; சிலவேளை யாரும் எதிர்பாராத வேறொரு வாயில் வழியாக மீண்டும் உட்புகுகின்றது. அடிநாச் சதையை, அதாவது மக்கள் வழக்கில் டொன்சில் எனப்படுவதை, வெட்டியகற்றும் சிகிச்சையின் கதை இத்தகையது. தொண்டை நோவுக்கெனத் தொடங்கிய இச்சிகிச்சை, இன்று சிறுநீரக நோயொன்றுக்கும் மருந்தாகுமா என்று உலக மருத்துவ அறிஞரிடையே வாதிக்கப்பட்டு வருகின்றது. அவ்வாதத்தின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என வாசகர் வினவக்கூடும். கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, கடலும் வயலும் இருபுறமும் சூழ நிரையாய்க் கிடக்கும் ஊர்களுள் அட்டாளைச்சேனையும் ஒன்று. ஆசிரியரைப் பயிற்றி நாட்டுக்கு அளிக்கும் ஊர் எனப் பெயர் பெற்றது அது. அங்கு பயின்று வெளியேறும் ஆசிரியர், வைத்தியர் ஒருவரைக் காணும் முன்பே பிள்ளையின் முகத்தைக் காண்பவர். தொண்டை நோவுடன் வகுப்பிலிருக்கும் மாணவனின் சிறுநீர் மறுநாளே தேயிலைச் சாயம்போற் சிவந்ததென்றால், வாப்பாவும் உம்மாவும் முதலில் யோசனை கேட்பது பெரும்பாலும் அவ்வாசிரியரிடமே. “டொன்சிலை வெட்டிவிட்டாற் சுகமாகிவிடுமா?” என்னும் அவர்தம் வினாவுக்கு அறிவோடு விடையிறுக்க வேண்டுமாயின், அவ்வினாவின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

பண்டையோர் கண்ட சத்திரசிகிச்சை

அடிநாச் சதையை அகற்றுதல் மிகப் பழைய முறை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சசு என்பார், அழற்சியினாற் கெட்டிப்பட்ட அச்சதையைச் சுற்றிலும் விரலாற் கிளறிப் பிடுங்கியெடுக்கலாமென்றும், அது இயலாதவிடத்துக் கொளுவியாற் பற்றிக் கத்தியால் அரியலாமென்றும் எழுதி வைத்தார். நம் நாட்டுச் சித்த, ஆயுள்வேத வைத்தியர்க்கு நன்கு அறிமுகமான சுசுருதரின் நூலும் தொண்டையின் பக்கங்களிலே தோன்றும் வீக்கத்தைத் துண்டிகேரி என்னும் பெயராற் கூறுகின்றது.

இவர்களுள் நாம் சற்று நின்று நோக்கத் தக்கவர் அபுல் காசிம் அல் சஹ்ராவி ஆவார். கி.பி. 936 இல் இசுப்பானியாவின் குர்துபா நகருக்கு அண்மையிற் பிறந்த இப்பேரறிஞர், தாம் இயற்றிய ‘அத் தஸ்ரீப்’ என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். நோயாளியைச் சூரியவொளி வாயினுள் விழுமாறு இருத்துதல், உதவியாளன் உலோகக் கருவியால் நாவைத் தாழ்த்திப் பிடித்தல், கொளுவியாற் சதையை இழுத்து வளைந்த கருவியால் அரிதல் ஆகிய செயன்முறைகளை அவர் ஒவ்வொன்றாய் விவரித்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட அந்நூற்பகுதி ஐரோப்பாவின் சத்திரவைத்தியர்க்கு நெடுங்காலம் ஆசானாய் விளங்கியது.

எனினும் அவர் வெட்டும் முறையைக் கூறியதனினும், வெட்டலாகாத இடத்தைக் கூறியதே பெரிது. வெண்ணிறமாய், உருண்டையாய், அடி ஒடுங்கியிருக்கும் சதையே வெட்டத் தக்கது. செந்நிறமாய் அடி தடித்திருப்பதை வெட்டின் குருதி பெருகும், ஆதலால் அதைத் தொடாதே என்பது அவர் எச்சரிக்கை. யாருக்கு வெட்டுவது, யாரை விட்டுவிடுவது என்னும் இவ்வினா ஆயிரமாண்டு கடந்தும் தீர்ந்தபாடில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கருவிகளின் காலம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பிலிப் சிங் பிசிக் என்பார் 1828 இல், சதையை வளையத்தினுட் கொண்டு ஒரே வீச்சில் அரியும் கருவியொன்றை அமைத்தார். 1846 இல் ஈதர் மயக்கமருந்து பொஸ்டன் நகரில் வெளிப்பட்டது. 1867 இல் லிஸ்டர் கிருமிகளைத் தடுத்துச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை வெளியிட்டார். அதே 1867 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலச் சத்திரவைத்திய நூலொன்றை ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் தமிழாக்கி வெளியிட்டார். மேல்நாட்டுச் சத்திரவைத்தியம் தமிழிலே கற்பிக்கப்பட்ட அக்காலம் நாம் பெருமையோடு நினைவுகூரற்பாலது.

வெட்டு ஒரு வழக்கமான கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கொள்கை எழுந்தது. 1910 இல் கனடாவின் மொன்றியல் நகரில் விரிவுரையாற்றிய ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹன்டர், வாயிற் பதுங்கிய அழுகல் உடலின் பல நோய்களுக்குக் காரணமாகலாம் என்றார். சிக்காகோவின் பிராங்க் பில்லிங்ஸ் அதை மேலும் வளர்த்து, பற்களிலும் அடிநாச் சதையிலும் ஒளிந்திருக்கும் கிருமிகள் மூட்டு, இருதயம், சிறுநீரகம் ஆகிய தொலைவான உறுப்புகளையும் கெடுக்குமெனப் போதித்தார். ‘குவியத் தொற்று’ என இக்கொள்கையை அழைக்கலாம்.

கொள்கையில் உண்மையின் ஒரு கூறு இருந்தது. ஆயின் அதைப் பின்பற்றியோர் அளவை மறந்தனர். பற்கள் கூட்டங்கூட்டமாய்ப் பிடுங்கப்பட்டன. பிள்ளைகளின் அடிநாச் சதைகள் நோயிருந்தாலும் இல்லாவிடினும் அரியப்பட்டன. 1934 இல் அமெரிக்கப் பிள்ளைச் சுகாதாரச் சங்கம் வெளியிட்ட ஆய்வொன்று இந்நிலையைத் தெற்றெனக் காட்டியது. நியூயோர்க் நகரப் பாடசாலைகளில் 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தபோது, 611 பேருக்கு ஏற்கெனவே அச்சதை அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை வைத்தியர் பரிசோதித்து, அவருள் ஏறத்தாழ 45 சதவீதமானோர்க்கு வெட்ட வேண்டும் என்றனர். ‘வேண்டாம்’ எனப்பட்டோரை வேறு வைத்தியரிடம் அனுப்பியபோது, அவர்களுள்ளும் 46 சதவீதமானோர்க்கு வெட்டு விதிக்கப்பட்டது. இருமுறை தப்பியோரை மூன்றாம் முறை அனுப்பியபோது 44 சதவீதம்! முடிவில் ஆயிரவரில் 65 பேரே வெட்டுக்கு உட்படாதோராய் எஞ்சினர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? வைத்தியர் நோயைக் கண்டு விதிக்கவில்லை. தமக்கு முன் நிற்போரிற் பாதிப்பேர்க்கு வெட்டுத் தேவை என்னும் வழக்கத்தைக் கொண்டே விதித்தனர் என்பதாம். 1938 இல் இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்னும் வைத்தியர், அருகருகே உள்ள ஊர்களிடையே கூட இச்சிகிச்சையின் அளவு பன்மடங்கு வேறுபடுவதையும், அவ்வேறுபாட்டைப் பிள்ளைகளின் உடல்நிலையால் விளக்க முடியாமையையும் எடுத்துக்காட்டினார். இச்சிகிச்சையால் ஆண்டுதோறும் பிள்ளைகள் சிலர் உயிரிழந்ததும், இளம்பிள்ளைவாதம் பரவிய காலங்களில் அண்மையில் வெட்டுண்ட பிள்ளைகளை அந்நோய் கொடிதாகத் தாக்கியதும் பின்னர் உணரப்பட்டன. பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்தபின் வெட்டு மெல்ல மெல்லக் குறையலாயிற்று. குவியத் தொற்றுக் கொள்கையும் ஏளனத்துக்குரிய பழங்கதை போல் ஒதுக்கப்பட்டது.

பாரிஸ் நகரிற் கண்ட ஒளி

இனிச் சிறுநீரகத்தின் பக்கம் திரும்புவோம். 1827 இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சியபோது அது முட்டை வெண்கருவைப் போல் உறைவதைக் கண்டார். வெளியேறக் கூடாத புரதம் வெளியேறுகின்றது. குற்றம் சிறுநீரகத்தில் உள்ளது என அவர் துணிந்தார். சிவப்புக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்து தணிந்தபின் சிறுநீர் குருதி கலந்து வருவதை அவருக்கு முன்னரே சிலர் அவதானித்திருந்தனர். தொண்டையையோ தோலையோ ஒரு வகைக் கிருமி பற்றி, சில கிழமைகள் கழிந்தபின் சிறுநீரகம் அழற்சியுறுவதே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிரங்கு மிகுந்த நம் போன்ற வெப்பநாடுகளிற் பிள்ளைகளிடம் காணப்படும் இந்நோய் பெரும்பாலும் தானே குணமாகிவிடும்.

ஆயின் வேறொரு வகை நோயாளரும் இருந்தனர். இவர்களுக்குத் தொண்டை நோவு தொடங்கிய ஓரிரு நாளிலேயே சிறுநீர் சிவக்கும். சில நாளில் தெளியும். அடுத்த தொண்டை நோவில் மீண்டும் சிவக்கும். இதன் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. அதைக் காண மூன்று சாதனங்கள் தேவைப்பட்டன. ஊசியாற் சிறுநீரகத்தில் ஒரு நுண்துணுக்கை எடுக்கும் முறையை 1951 இல் டென்மார்க்கின் இவர்சன், புருன் என்போர் பரப்பினர். பிறபொருளெதிரிகளை ஒளிரும் சாயத்தோடு பிணைத்து நுணுக்குக்காட்டியில் இனங்காணும் முறையை 1941 இல் அமெரிக்க அறிஞர் அல்பர்ட் கூன்ஸ் ஆக்கியிருந்தார். ஐ.ஜி.ஏ. எனப் பின்னர்ப் பெயர் பெற்ற பிறபொருளெதிரியை 1959 இல் பெல்ஜியத்தின் ஹெரமன்ஸ் விவரித்தார். தொண்டை, குடல், சுவாச வழி ஆகியவற்றின் ஈரப்படலங்களைக் காக்கும் காவலன் இதுவே.

இம்மூன்றும் ஒருங்கு கூடிய இடம் பாரிஸ் நகரத்து நெக்கர் வைத்தியசாலை. 1968 இல் அங்கு ஜான் பெர்ஜே என்பாரும் நிக்கோல் ஆங்கிலே என்னும் பெண்மணியும், சில நோயாளரின் சிறுநீரகத் துணுக்குகளில் நுண்வடிகளான கலன்கோளங்களின் நடுவே ஐ.ஜி.ஏ. படிந்து ஒளிர்வதைக் கண்டு அறிவித்தனர். ‘பெர்ஜே நோய்’ என அழைக்கப்பட்ட இதுவே, கலன்கோளங்களை முதன்மையாய்ப் பற்றும் அழற்சி நோய்களுள் உலகில் மிகுதியாய்க் காணப்படுவது. இது மெல்ல நடக்கும் நோய், இளமையிற் பற்றுவது. இதற்கு ஆளானோரில் ஏறத்தாழ 20 தொடக்கம் 40 சதவீதமானோர் 20 ஆண்டுகளுள் சிறுநீரகம் முற்றும் செயலிழக்கும் நிலையை அடைவர் என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் கணிப்பு.

பெர்ஜே மேலும் ஒன்றைக் கண்டார். சிறுநீரகம் செயலிழந்த இந்நோயாளர்க்கு வேறொருவரின் நல்ல சிறுநீரகத்தைப் பொருத்தினாலும் அதிலும் ஐ.ஜி.ஏ. படிந்தது. 1975 இல் இதனை அவர் வெளியிட்டார். பின்னர் இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் காணப்பட்டது. ஐ.ஜி.ஏ. படிந்திருந்த சிறுநீரகமொன்று இந்நோயில்லாத ஒருவர்க்குப் பொருத்தப்பட்டபோது அப்படிவு நாளடைவில் மறைந்தது. எனவே, குற்றம் சிறுநீரகத்திலே பிறப்பதன்று. வேறெங்கோ பிறந்து குருதி வழியே வந்து அங்கு தங்குவது என்பது பெறப்பட்டது. பிறக்குமிடம் எது? தொண்டை நோவின்போது சிறுநீர் சிவப்பதை அறிந்தோர் கண், இயல்பாகவே அடிநாச் சதையின் மேற் சென்றது. ஒதுக்கப்பட்ட குவியத் தொற்றுக் கொள்கை இவ்வாறு பின்வாயிலால் மீண்டது.

யப்பானின் துணிவும் மேற்குலகின் ஐயமும்

யப்பானில் 1974 ஆம் ஆண்டு முதல் பாடசாலை மாணவர் அனைவர்க்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடைபெறுகின்றது. இதனால் வேறு நாடுகளிற் காலங்கடந்தே வெளிப்படும் இந்நோய் அங்கு தொடக்கத்திலேயே அகப்படலாயிற்று. அந்நாட்டு வைத்தியர் சிலர் இந்நோயாளரின் அடிநாச் சதையை அகற்றிப் பார்த்தனர். நீகாட்டா நகரில் 118 நோயாளரை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2003 இல் வெளிவந்தது. சதை அகற்றப்பட்ட 48 பேரில் ஐவரும், அகற்றப்படாத 70 பேரில் 18 பேரும் குருதிச் சுத்திகரிப்பை நாடவேண்டிய நிலையை அடைந்தனர். இருபதாண்டு முடிவில் சிறுநீரகம் நிலைத்திருக்கும் வாய்ப்பு முன்னையோர்க்கு 89.6 சதவீதமாகவும் பின்னையோர்க்கு 63.7 சதவீதமாகவும் கணிக்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 2001 இல், செண்டாய் நகரத்து ஒசாமு ஹொட்டா குழுவினர் 329 நோயாளரை ஆராய்ந்து, சதை அகற்றலும் பேரளவு ஸ்டீரொயிட் மருந்தும் சேர்ந்தவிடத்துச் சிறுநீரிலிருந்து குருதியும் புரதமும் நீங்கும் வாய்ப்பு மிகுவதாக அறிவித்தனர். இக்கூட்டுச் சிகிச்சை யப்பானெங்கும் பரவியது.

ஈண்டு வரலாற்று மாணவர் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். இவ்வாய்வுகளில், யாருக்கு வெட்டுவது என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்ற நடுநிலையான முறை தீர்மானிக்கவில்லை. வைத்தியரும் நோயாளருமே தீர்மானித்தனர். நோய் இலேசாயிருந்தோர், சிகிச்சைக்கு ஆர்வங்காட்டியோர், வேறு மருந்தும் பெற்றோர் ஒரு பக்கம் மிகுந்திருக்கக் கூடும். அவ்வாறாயின் நன்மை கத்தியாலா, மருந்தாலா, நோயின் இலேசாலா என்று பிரித்தறிவது எங்ஙனம்?

இவ்வையத்தைத் தீர்க்க யப்பானியரே முயன்றனர். நோயாளரைச் சீட்டு முறையாற் பிரித்து, ஒரு சாரார்க்கு ஸ்டீரொயிட் மட்டும், மறுசாரார்க்கு அதனோடு வெட்டும் அளித்த ஆய்வின் முடிவு 2014 இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், வெட்டப்பட்டோரின் சிறுநீர்ப் புரதம் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆயின் குருதி மறைவதிலோ நோய் தணிவதிலோ தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, 1065 நோயாளரின் பதிவேடுகளை ஆராய்ந்து, ஒத்த நிலையிலிருந்தோரை இணையிணையாக ஒப்பிட்ட மற்றொரு யப்பானிய ஆய்வு, வெட்டப்பட்டோரின் சிறுநீரகம் நெடுநாளில் மேலாக நிலைத்ததென 2019 இல் கூறியது. ஐரோப்பிய நோயாளரைத் திரட்டி ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்விலோ அத்தகைய நன்மை எதுவும் தோன்றவில்லை.

இம்முரண்பாட்டைச் சர்வதேச வழிகாட்டிகளும் பிரதிபலிக்கின்றன. 2012 ஆம் ஆண்டு வழிகாட்டி இந்நோய்க்காக அடிநாச் சதையை அகற்ற வேண்டாம் என்றது. 2021 ஆம் ஆண்டு வழிகாட்டி, ஐரோப்பிய இனத்தார்க்கு இது வேண்டாம் என்று கூறி, யப்பானில் அது வழக்கிலிருப்பதையும் ஏற்றுக் குறிப்பிட்டது. ஒரே வெட்டு ஒரு நாட்டிற் சிகிச்சை, மறுநாட்டில் வீண் என்பது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் காரணம் இல்லாமலில்லை. இனத்துக்கினம் நோயின் போக்கு வேறுபடலாம். யப்பானில் நோய் தொடக்கத்திலே பிடிபடுவதால் எச்சிகிச்சையும் பலன் தருவதாகத் தோன்றலாம்.

நோயின் நுட்பத்தைப் பற்றிய அறிவும் இதற்கிடையே பெருகியது. இந்நோயாளரின் ஐ.ஜி.ஏ. மூலக்கூற்றில் கலக்டோசு என்னும் சர்க்கரைக் கூறு குறைவாயுள்ளது. அக்குறையுள்ள மூலக்கூற்றை உடல் அந்நியமாகக் கருதி அதற்கெதிராக வேறு பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. இரண்டும் பிணைந்து கலன்கோளத்திற் சிக்குகின்றன. காவலன் ஒருவனை மற்றைக் காவலர் பகைவனென மயங்கிப் பிடித்து, அரண்மனை வடிகாலை அடைத்தாற் போன்றது இது. குறையுள்ள ஐ.ஜி.ஏ. அடிநாச் சதையில் உண்டாகலாம் என்பதற்குச் சான்றுண்டு. ஆயின் குடலின் ஈரப்படலமும் அதன் பெரும் பிறப்பிடமே. ஆதலாற்றான் சிறுகுடலின் இறுதிப் பகுதியிற் கரையுமாறு அமைந்த ஸ்டீரொயிட் மருந்தொன்று 2021 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொண்டையிலுள்ள ஓர் ஊற்றை அடைத்தாலும் குடலிலுள்ள ஊற்று எஞ்சும் என்பதை வெட்டை வேண்டுவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நமது பக்கம்

தமிழ் வழங்கும் நிலங்களில் இந்நோயின் நிலை என்ன? தமிழ்நாட்டு வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, 1971 இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து இந்தியாவுக்கு வழிகாட்டிய நிறுவனம். அங்குள்ள அறிஞர் 2015 முதல் ஏறத்தாழ 200 ஐ.ஜி.ஏ. நோயாளரைச் சேர்த்து, தெற்காசியர்க்கென முறையான தொடராய்வொன்றை நடத்தினர். மேல்நாட்டார் எழுதிய மெதுவான நோயன்று இங்கு காணப்படுவது. இளவயதினர் பலர் சிறுநீரக வலு குன்றியபின்னரே வருகின்றனர், சில ஆண்டுகளுள்ளேயே மேலும் இழக்கின்றனர் என்பது அவ்வாய்வு உணர்த்திய வேதனை மிக்க உண்மை. யப்பானியர் முடிவையோ ஐரோப்பியர் முடிவையோ அப்படியே எடுத்து நம்மவர்க்குப் பொருத்த இயலாது என்பதும் இதனாற் புலனாகும்.

நமது மாவட்டத்தில் மற்றொரு மயக்கமும் உண்டு. ‘சிறுநீரக நோய்’ என்றவுடன், வடமத்திய மாகாணத்தையும் அம்பாறை மாவட்டத்தின் தெகியத்தகண்டி போன்ற உட்பகுதிகளையும் வாட்டும், காரணம் துணியப்படாத நோயே நினைவுக்கு வருகின்றது. அது பெரும்பாலும் விவசாயிகளைப் பற்றுவது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுப்பது. பெர்ஜே நோயோ கலன்கோளத்தைப் பற்றுவது. இரண்டும் வேறு. எந்நோய் என அறியாமல் மருந்து தேடுவது, முகவரி அறியாமற் கடிதம் எழுதுவதற்கு ஒப்பாகும். ஊசித் துணுக்கும் ஒளிரும் சாயமும் இன்றி ஐ.ஜி.ஏ. நோயை எவரும் உறுதிப்படுத்த முடியாது.

ஆகவே அட்டாளைச்சேனையின் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஆசிரியர் கூறத்தக்க விடை யாது? சிறுநீர் சிவந்ததென்ற காரணத்தால் மட்டும் அடிநாச் சதையை வெட்ட விரைய வேண்டாம். அதே காரணத்தால் வாளாவிருக்கவும் வேண்டாம் என்பதே. சிவப்பு மறைந்ததும் நோய் மறைந்ததென எண்ணிவிடுவதுதான் பெருந்தீங்கு. பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, சிறுநீரிற் குருதியும் புரதமும் உண்டா என்று பார்க்கச் செய்தல் வேண்டும். குருதி அமுக்கத்தை அளத்தல் வேண்டும். நோய் தணிந்த சில கிழமைகளின் பின் மீண்டும் பார்த்தல் வேண்டும். குற்றம் தொடர்ந்தாற் சிறுநீரக வைத்திய நிபுணரிடம் செல்ல வேண்டும். தொண்டை நோவு எந்த நாளில் வந்தது, சிறுநீர் எந்த நாளிற் சிவந்தது என ஆசிரியர் ஒரு தாளிற் குறித்துக் கொடுப்பின், ஓரிரு நாளா, இரு கிழமையா என்னும் அக்குறிப்பே வைத்தியர்க்குப் பேருதவியாகும். அதற்குக் கருவி வேண்டுவதில்லை. கவனம் ஒன்றே போதும்.

அடிக்கடி தொண்டை பழுத்துப் பிள்ளை வருந்துமாயின் அல்லது மூச்சு அடைபடுமாயின், அதற்காக அச்சதையை அகற்றுவதா என்பதைக் காது, மூக்கு, தொண்டை நிபுணர் தீர்மானிப்பர். அது வேறு விடயம். சிறுநீரகத்துக்காக வெட்டுவதா என்னும் வினா மட்டும் இன்னும் முடிந்த முடிபாகவில்லை. யப்பானின் மேம்பட்ட விளைவுகளுக்குக் கத்தி எத்துணை காரணமோ அறியோம். பாடசாலைப் பிள்ளை ஒவ்வொருவரின் சிறுநீரையும் ஆண்டுதோறும் பார்த்தமை ஒரு காரணம் என்பதை மறுப்பது கடினம். கத்தியை இரவல் வாங்க விரும்புவோர் அப்பழக்கத்தை முதலில் இரவல் வாங்குவாராக.

ஆயிரமாண்டுக்கு முன் குர்துபாவில் அல் சஹ்ராவி, வெட்டத் தக்கதையும் தகாததையும் பிரித்தறிந்து பின்னரே கருவியை எடுக்கச் சொன்னார். நியூயோர்க்கில் அதை மறந்தோர் ஆயிரம் பிள்ளைகளில் 65 பேரையே விட்டு வைத்தனர். இவ்விரண்டையும் அறிந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் இருப்பாராயின், தேவையற்ற வெட்டிலிருந்து ஒரு பிள்ளையும், கவனிப்பாரற்ற நோயிலிருந்து மற்றொரு பிள்ளையும் காக்கப்படுவர். அவ்வாசிரியரை ஆக்குதற்கு இவ்வரலாறு சிறிதேனும் துணைபுரியுமாயின் எழுதியதன் பயன் கைகூடியதாகும்.